டோர்ணக்கல் அத்தியட்சர் அசரியாவும் பிறர்க்காகச் செய்யும் ஜெபமும்

ஜெபம் என்றவுடனே, ஒருவன் தன் அறைவீட்டிற்குட் பிரவேசித்துக் கதவைப் பூட்டிக்கொண்டு தனித்திருக்கும் தோற்றமே நம் மனக்கண்முன் வருகின்றது. நமதாண்டவர் கற்பித்த முறையும் அதுவே. ஆயினும் அவ்வறைக்குள்ளே தன்னை மாத்திரம் அழைத்துச் செல்வோனும் உளன். தன் ஊரையும், தன் பகைஞரையும், தான் கண்டறியாத நாட்டாரையும் உடனழைத்துச் செல்வோனும் உளன். இவ்விருவர்க்கும் புறத்தே வேற்றுமை யாதும் தோன்றாது. இருபது முப்பது ஆண்டுகள் கழிந்தபின் அவரவர் வாழ்வை நோக்குவோர்க்கே அது புலனாகும். பிறரைத் தம் ஜெபத்தில் ஏற்றுக்கொண்டமையால் தம் வாழ்வின் போக்கே மாறப்பெற்ற ஒரு தமிழரின் சரித்திரத்தை, நம் கல்லூரி மாணவர்க்கும், ஆசிரியர்கட்கும், பழைய மாணவர்க்கும் இங்கே சுருக்கி உரைக்கப் புகுகின்றோம். அவர்தாம் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இந்தியருள் முதன்முதல் ஆங்கிலிக்கன் சபையின் அத்தியட்சரானவர் என்று பெயரளவில் அவரை அறியாதார் நம்மிற் சிலரே. அப்பட்டத்தைக் காட்டிலும் அவரது ஜெபவாழ்வே எம்மனோர்க்கு வேண்டற்பாலது என்பது எம் கருத்து.

திருநெல்வேலிச் சீமையிலே, பனைகள் ஓங்கிய தேரிநிலத்தை அடுத்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் என்னும் கிராமப் போதகர். ஒரு மகள் பிறந்தபின் நெடுங்காலம் மகப்பேறின்றி இருந்த பெற்றோர், அன்னாள் அம்மையார் ஆலயத்தில் நின்று வேண்டியவாறே தாமும் வேண்டிப் பெற்ற புதல்வராதலின், இவருக்குச் சாமுவேல் என்னும் பெயர் வழங்கலாயிற்று. தம்மைக் கேட்டுப் பெற்றவர்கள் தம்மைக் கொடுத்தும் விட்டார்கள் என்னும் உணர்ச்சியோடே அப்பிள்ளை வளர்ந்தது. 1889-இல் தந்தையார் தேவனடி சேர்ந்தார். பதினைந்து வயதான மகனை ஆளாக்கும் பொறுப்பு அன்னையார்மேல் விழுந்தது. கண்டிப்பும் பக்தியும் ஒருங்கே வாய்ந்த அவ்வம்மையாரின் காலை மாலை ஜெபங்களே இவருக்கு முதற் பள்ளிக்கூடம் எனலாம்.

மேல்நாட்டு மிஷனெரிமார் நடத்திய பள்ளிகளிற் பயின்றபின், இவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை அடைந்தார். அக்கல்லூரி அந்நாளிற் சென்னைப் பட்டணத்துக் கடற்கரையை அடுத்த கோட்டைப் புறத்தே இருந்தது. தாம்பரம் காட்டிற்கு வந்தது 1937-இல். மாணவரிடையே கூடி ஜெபிக்கும் வழக்கத்தை இவர் உறுதியாகப் பற்றிக்கொண்டார். பிற்காலத்திற் பெயர்பெற்ற கே. டி. பால் என்பாருடைய நட்பும் அக்காலத்தே வாய்த்தது. 1893-இல் பட்டத் தேர்வு நெருங்குங்கால் நோய்வாய்ப்பட்டுக் கணிதத் தேர்வை எழுதவியலாது போயிற்று. மீண்டும் சென்று எழுதிப் பட்டம் பெற அவர் முயலவில்லை. தேர்வுக் காலத்திலே மாத்திரம் முழந்தாட்படியிடும் நம்போன்றார்க்கு இது சிறிது வியப்பையே விளைக்கும். பின்னாளில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவர்க்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அதனைக் கணிதத்திற்கு ஈடாகக் கொள்க.

1895-இல் வாலிபக் கிறிஸ்தவர் சங்கத்தில் சேர்ந்து, தென்னிந்தியா எங்கும் சுற்றி மாணவரிடையே ஊழியஞ் செய்யத் தொடங்கினார். மறுவருடம் அமெரிக்க நாட்டினின்று ஷெர்வுட் எட்டி என்னும் இளைஞர் அதே சங்கத்தின் ஊழியராக வந்துசேர்ந்தார். ஆளுவோர் நிறத்தாருக்கும் ஆளப்படுவோர்க்கும் இடையே மதில்போல் உயர்ந்து நின்ற வேற்றுமை, இவ்விருவரிடையே நிற்கவில்லை. ஒருவரையொருவர் கடிந்துகொள்ளவும் உரிமை பூண்ட தோழமை அது. இருவரும் கூடி ஜெபித்து, கூடி வழிநடந்து, கூடிப் பேசினர். 1898-இல் அன்பு மாரியம்மாள் என்னும் கல்வியறிவு மிக்க நங்கையை அசரியா மணந்தார். சீதனமும் ஆடம்பரமும் ஒழிந்த மணம் அது. இன்றும் நம் கிறிஸ்தவ இல்லங்களில் சீதனப் பேச்சு முடிந்தபின்னரே ஜெபத்தோடு நிச்சயதார்த்தம் தொடங்குதலைக் காண்கின்றோமாதலின், இதனைச் சொல்லாது விடுதற்கில்லை.

இவர் வாழ்வில் பெருந்திருப்பம் 1902-இல் நேர்ந்தது. எட்டியும் இவரும் யாழ்ப்பாணத்திற்குச் சென்றபோது, ஆங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தைக்கொண்டு, கடலுக்கு இப்பாலுள்ள தொண்டிக் கரையிலே ஊழியரை வைத்து நடத்திவருதலைக் கண்டார். திருநெல்வேலித் திருச்சபையோ அந்நாளில் இந்தியாவிலேயே பெரிய சபைகளுள் ஒன்று. அதன் மக்கள் தம் பஞ்சத்திற்கும், தம் பிள்ளைகளுக்கும், தம் சபைக்குமே ஜெபித்து வந்தனர். தம் எல்லைக்கு அப்பாலுள்ளார் பொருட்டுத் தாமே ஒருவரை அனுப்புதல் என்னும் எண்ணம் அவர்களிடம் எழவில்லை. அசரியாவின் நெஞ்சை இது உறுத்தியது. நெடுநேரம் ஜெபத்தில் தரித்திருந்தார். பிறகு ஊர்திரும்பித் தம் சபையாரிடம் இதனையே பேசலானார். விளைவாக, 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. இந்தியரே ஊழியர், இந்தியர் பணமே பணம், இந்தியரே நிர்வாகம் என்பன அதன் கட்டளைகள். நிஜாம் ஆட்சியிலிருந்த டோர்ணக்கல் என்னும் தெலுங்கு நாட்டுப் பகுதி அதன் ஊழியக்களமாயிற்று. 1905-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று, வங்காளத்துச் சேராம்பூரிலே, கேரி பெருமகனாரின் நூலகத்தில் இந்திய தேசிய மிஷனெரி சங்கமும் நிறுவப்பட்டது. அதிலும் அசரியாவும் கே. டி. பாலும் முன்னின்றனர்.

ஈண்டு யாம் சிறிது நின்று நோக்க விரும்புகின்றோம். ஒரு நாட்டிற்கு ஊழியரை அனுப்பியருளும் என்று ஜெபிப்பது எளிது. அனுப்பப்படும் ஊழியர் பிறராயிருக்கும்வரை அந்த ஜெபம் இனிதாகவுமிருக்கும். அசரியா ஆறாண்டுகள் ஊர்தோறும் சென்று, டோர்ணக்கலுக்கு ஆட்களைக் கேட்டார்; அதற்காக ஜெபிக்கவும் பிறரைத் தூண்டினார். அப்படித் தூண்டி வருங்கால், பிறரைப் போகச் சொல்லும் தாம் ஏன் போகலாகாது என்னும் வினா அவரையே பற்றிக்கொண்டது. முப்பத்தைந்து வயது, சங்கத்தில் உயர்ந்த பதவி, 1907-இல் ஜப்பான் தேசத்து டோக்கியோவில் கூடிய உலக மாணவர் மாநாடுவரை சென்று வந்த புகழ், நகர வாழ்வு, குழந்தைகள். இவையனைத்தையும் விட்டு, 1909-இல் குருப்பட்டம் பெற்றுக் குடும்பத்தோடு டோர்ணக்கலை அடைந்தார். தொடக்கத்திற் கூடாரமே வீடு. தெலுங்கு மொழியை எழுத்திலிருந்து கற்றார். சென்னையினின்று வடக்கே செல்லும் புகைவண்டியில், விசயவாடாவிற்கும் காசிப்பேட்டைக்கும் இடையே இன்றும் டோர்ணக்கல் சந்திப்பு என்னும் நிலையத்தைக் காணலாம். தில்லி செல்லும் நம் மாணவர் உறங்கிக்கொண்டே கடக்கும் ஊர் அது.

அடுத்த ஆண்டில், 1910 ஜூன் மாதம், ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. மேல்நாட்டு மிஷனெரிமாருக்கும் இந்திய ஊழியருக்கும் உள்ள உறவைக் குறித்துப் பேசுமாறு அசரியா கேட்கப்பட்டார். தம்மிடம் அன்பு பாராட்டியவர்கள் நிறைந்த அம்மன்றத்திலே, மிஷனெரிமார் செய்த தியாகத்தை நன்றியோடு ஒப்புக்கொண்டபின், அவர்கள் இந்தியரைத் தம் இல்லத்தில் சமமாய் அமர்த்தி உண்ணும் நண்பராக ஏற்கவில்லை என்பதை ஒளியாமற் கூறினார். கேட்டோரிற் சிலர் சினந்தனர், சிலர் நாணினர். ஜெபத்திலே ஒருவரைத் தாங்குகின்றோம் என்று சொல்லிக்கொண்டு, பந்தியிலே அவரை வேறு வைத்தல் எங்ஙனம் பொருந்தும்? மேல்நாட்டார் இந்தியருக்குச் செய்ததையே, நம் ஊர்களில் சாதியின் பேரால் கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்க்குச் செய்து வந்தமையையும், சில கல்லறைத் தோட்டங்களில் அது முற்றும் ஒழியாமையையும் அறிவோர், எடின்பரோவை மாத்திரம் குறைகூறத் துணியார்.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா டோர்ணக்கலின் முதல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஓர் இந்தியரின்கீழ் ஆங்கிலேய ஊழியர் அடங்கி நடப்பரோ என ஐயுற்றார் பலர். அவ்வையம் தீர்ந்த வரலாறு நீண்டது, அதனை விடுப்போம். அவர் அங்கே மக்களை ஜெபத்திற் பழக்கிய முறைதான் நமக்கு வேண்டுவது.

டோர்ணக்கல் அத்தியட்ச மண்டலத்தில் சபையிற் சேர்ந்தோர் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட குலத்து உழவுக் கூலியாட்கள். எழுத்தறியார். புத்தகத்தைக் கையிற் கொடுத்து ஜெபிக்கச் சொல்ல இயலாது. விடியுமுன் வேலைக்குச் செல்பவரைக் காலையிற் கூட்டுதலும் அரிது. ஆகவே, கூலிவேலை முடித்து, கஞ்சி காய்ச்சிக் குடித்தபின், இராக்காலத்தில் ஊர்தோறும் கூடும் ஆராதனையே அச்சபையின் முதுகெலும்பாயிற்று. உபதேசியார் ஒருவர், அவருடைய மனைவியார், ஒரு விளக்கு, இவ்வளவே மூலதனம். கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள் ஆகியவை வாய்ப்பாடமாக ஒவ்வொரு நாளும் சொல்லிக் கொடுக்கப்பட்டன. கதைகள் பாட்டாயின, பாட்டுகள் கோலாட்டமாயின. அத்தியட்சரும் மாட்டுவண்டியிற் சென்று, அக்கூட்டங்களில் அமர்ந்து, வினாவிடை முறையில் அவர்களைப் பேசவைப்பார். அவர்கள் தம் வாயால், தம் சொல்லால், தம் அயலாரின் பெயரைச் சொல்லி ஜெபித்தல் வேண்டும் என்பதே அவர் நாடியது.

உத்திரமேரூர் வட்டத்துக் கிராமங்களிற் பிறந்த எம்போன்றார்க்கு இக்காட்சி அயலானதன்று. எங்கள் பக்கத்தில் கழனிவேலை மிகுந்த நாட்களில் ஜெபக்கூட்டம் எட்டு மணிக்கு மேல்தான். நடவிலிருந்து வந்த பெண்கள் காலிற் சேறு உலர்ந்தபடியே வந்து அமர்வர். இன்னாருக்குக் காய்ச்சல், இன்னார் மகன் பட்டணத்தினின்று கடிதம் போடவில்லை, இன்னார் வீட்டுப் பசு கன்று ஈனவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவ்வவற்றிற்கு ஜெபிப்பர். கல்லூரி வாசனை ஏறிய எமக்குச் சில வேளை அது நகைப்பை உண்டாக்குவதுண்டு. பசுவிற்குமா ஜெபம் என்று. அசரியாவின் சரித்திரத்தைப் படித்தபின், பெயரும் பொருளுமின்றி உலக சமாதானத்திற்காக நாம் அழகாய்ச் சொல்லும் ஜெபங்களைவிட, அப்பெண்களின் ஜெபமே அவருடையதற்கு அண்மையது என்று தோன்றுகின்றது.

ஏனெனின், அவருடைய பரிந்துரை ஜெபம் முழுவதும் பெயர்களால் ஆயது. விடியலுக்கு நெடுநேரம் முன்பே எழுந்து, வேதவாசிப்பிலும் ஜெபத்திலும் தரித்திருத்தல் அவர் வழக்கம். தம் மண்டலத்துக் குருமார், ஊழியர், பள்ளிகள், ஊர்கள் எனத் தனித்தனியே பெயர் சுட்டி, முறைவைத்து ஜெபிப்பார். மண்டலம் விரிய விரியப் பெயர்களும் பெருகின. பெயர் சுட்டி ஜெபிப்பதில் ஒரு தொல்லையும் உண்டு. காலையில் ஒருவன் பெயரைச் சொன்னவர், நண்பகலில் அவனைக் காணுங்கால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. அவன் கடன்பட்டிருந்தால் கேளாதவர்போல இருக்கவும் முடியாது. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கும் கிராமத்தைப் பிடித்த பேய்கள் என அவர் ஓயாது போராடியதற்கு வித்து எங்கே விழுந்தது என்பதை இதனால் ஊகிக்கலாம்.

எங்கள் உத்திரமேரூரிலே முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் இருத்தலைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். குடும்பு குடும்பாகத் தக்கார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றிற்கு ஆள் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. ஓலையிற் பெயர் வந்தவர்க்கு 360 நாள் ஊர்ப்பணி. வயிரமேகத் தடாகம் என்று அந்நாளிற் பெயர்பெற்ற பேரேரியின் தூர் எடுத்தலும் கரை காத்தலும் அத்தகையார் தலையில் விழுந்தன. அசரியாவின் ஜெபக்குறிப்பில் நேர்ந்தது இதன் மறுதலை எனலாம். அங்கே ஓலையில் எழுதப்பட்டவர்க்குப் பணி வந்தது. இங்கே எழுதினவர்க்கே பணி வந்தது. இவ்வுவமையை மேலும் நீட்டினால் ஆசிரியர் கோடிடுவராதலின் நிறுத்துகின்றோம்.

தாம் செய்வதைத் தம் மக்களும் செய்யவேண்டும் என அவர் விரும்பினார். ஞானஸ்நானம் பெறுவோர் தம் தலைமேல் தம் கையை வைத்துக்கொண்டு, சுவிசேஷத்தைப் பிறர்க்கு உரையாதிருந்தால் தமக்கு ஐயோ என்று பவுல் அப்போஸ்தலரின் உறுதியைத் தாமும் ஏற்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். ஆண்டிற்கொருமுறை சாட்சி வாரம் என ஒன்று நடைபெறும். குருமார் மாத்திரமன்று, கூலியாளும் அவன் மனைவியும் அயலூர் சென்று தம் வாழ்வில் நிகழ்ந்ததைச் சொல்வர். பெண்கள் உலையில் அரிசி இடும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பர். அரைவயிறு உண்போர் வீட்டிலே அப்பிடியரிசி எடுக்கப்படுதலை எண்ணுக. அறுப்பின் பண்டிகையில் நெல்லும், கோழியும், ஆட்டுக்குட்டியும் பலிபீடத்தின்முன் வந்து நிற்கும். எங்கள் பக்கத்து அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய் ஒன்று பத்துப்பேர் கைமாறிப் பத்து மடங்கு விலை பெறுவதைக் கண்டவர்க்கு, ஏழைச் சபை எப்படி ஆலயம் கட்டுகின்றது என்று விளக்க வேண்டுவதில்லை. டோர்ணக்கலின் எப்பிபனி பேராலயம் அவ்வாறே இருபத்தைந்து ஆண்டளவு சிறுகச் சிறுக எழுந்து, 1939-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில் மண்டபத் தூண்களும், மசூதியின் கும்மட்டங்களும் ஒருங்கமைந்த கட்டடம் அது. இந்நாட்டார் இந்நாட்டின் தோற்றத்தோடேயே ஆண்டவரை வணங்குதல் கூடும் என்பதற்கு அவர் நாட்டிய கற்சாட்சி. மண்டலத்துச் சபையார் தொகையும் 1941-ஆம் ஆண்டளவில் இரண்டு இலட்சத்தைக் கடந்தது.

இவ்வளர்ச்சியே அவர்க்குப் பெருந்துன்பத்தையும் கொணர்ந்தது. 1936, 1937-ஆம் ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டங்கூட்டமாக மதம் மாறுதலைக் காந்தியடிகள் வன்மையாகக் கண்டித்தார். அம்மக்கள் அறிந்து மாறவில்லை என்பதும், உதவியை முன்வைத்து மாற்றுதல் தகாது என்பதும் அவர் வாதம். அசரியாவோ நாட்டுப்பற்றில் குறைந்தவரல்லர். கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று எதிர்த்து நின்றவர். எனினும், கல்லாத மக்கள் சமயப் பொருளை உணரார் என்பதை அவர் ஒப்பவில்லை. இரவுதோறும் அவர்கள் ஜெபிக்கக் கேட்டவர் அவர். குடியை விட்டவனையும், பகை தீர்ந்தவனையும் பெயர்சொல்லி அறிந்தவர். காந்தியடிகளைப் போற்றும் எமக்கும் இவ்வழக்கில் அசரியாவின் பக்கமே நியாயம் மிகுந்துள்ளதாகத் தோன்றுகின்றது. ஆயினும், பிறர்க்காக ஜெபிப்போன் அவர்களைத் தன் தொகையில் ஓர் எண்ணாகக் கருதிவிடும் அபாயம் உண்டு என்னும் அடிகளின் எச்சரிக்கையை ஒதுக்கித் தள்ளவும் எம்மால் இயலவில்லை. தொகையைக் காட்டி நன்கொடை திரட்டும் பழக்கம் நம்மிடையே அரிதன்று.

அவர் ஜெபங்களுள் ஒன்று அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. மாணவப் பருவத்தினின்று தோளோடு தோள் நின்ற கே. டி. பால் தென்னிந்திய ஐக்கிய சபையைச் சார்ந்தவர். இருவரும் ஒருமித்து ஜெபிக்கலாம், சங்கங்களை நிறுவலாம், கர்த்தருடைய பந்தியில் மாத்திரம் சபைச் சட்டம் இடையே நின்றது. மேல்நாட்டில் என்றோ எழுந்த பிணக்குகள் தெலுங்குக் கூலியாளையும் தமிழ் உழவனையும் பிரித்து வைத்தல் அவர்க்குப் பாவமாகவே பட்டது. 1919-ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில், பெரும்பான்மையும் இந்தியரான 33 ஊழியர் கூடி, சபைகள் ஒன்றாதலுக்கு வழிதேடினர். அதற்கு முன்னின்றவர் அசரியா. அன்று தொடங்கிய பேச்சு கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. குழுக்கள், தீர்மானங்கள், திருத்தங்கள், மறுதிருத்தங்கள் என அது சென்ற வழியைப் படிப்பார்க்கே அலுப்பு உண்டாகும். உடனிருந்து ஜெபித்தவர் நிலை என்னவாயிருக்கும்! விடுதிகளில் ஆனி மாதத்தில் நிரம்பி வழியும் மாலை ஜெபக்கூட்டம் தை பிறக்குமுன் நால்வராய்ச் சுருங்குதலைக் கண்டுவரும் நமக்கு, அவ்விருபத்தைந்து ஆண்டுகளே அவர் வாழ்வில் வியக்கத்தக்க பகுதியாகத் தோன்றும். 1931-இல் கே. டி. பால் மறைந்தார். 1938 டிசம்பரில் உலக மிஷனெரி மாநாடு தாம்பரத்திலே, தாம் பயின்ற கல்லூரியின் புதிய வளாகத்தில் கூடியபோது, அசரியா பிரிவினையின் கேட்டை அங்கும் எடுத்துரைத்தார். அங்கும் முடிவு வரவில்லை.

1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் டோர்ணக்கலில் அவர் உயிர் நீங்கிற்று. அவ்வூர் மண்ணிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

இரண்டு ஆண்டுகளும் ஒன்பது மாதங்களும் கழிந்து, 1947 செப்டம்பர் 27-ஆம் நாள், சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அவருடைய டோர்ணக்கல் மண்டலமும் அதில் ஒன்றாயிற்று. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கங்களில் ஸ்காத்லாந்து மிஷனார் நாட்டிய சபைகளும் ஐக்கிய சபை வழியாக அதிலே வந்துசேர்ந்தன. அந்நாள்வரை டோர்ணக்கல் உழவனும் எங்கள் பக்கத்து உழவனும் ஒரே பந்தியில் அமர முறையில்லை. இப்பொழுது பஞ்சம் பிழைக்கவோ, செங்கற்சூளை வேலைக்கோ, படிப்பிற்கோ ஒருவர் ஊருக்கு ஒருவர் சென்றால், ஞாயிறன்று ஆலயத்துள் நுழைந்து, யார் எவர் என்று கேட்பாரின்றி முழந்தாட்படியிட்டு, அப்பத்திற்குக் கையை நீட்டுகின்றார்கள்.